ஏடும் இணையமும்

செட்டிநாட்டில், காரைக்குடியை அடுத்துள்ள ஊர்களுள் ஒன்று நாச்சியாபுரம். அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் மறு தெருவிலுமாக நீண்டு கிடக்கும் மாளிகைகளைக் காணலாம். அவற்றுள் பலவற்றின் தூண்களும் உத்தரங்களும் பர்மாத் தேக்கால் ஆனவை. தளத்தில் பதித்துள்ள வண்ணக் கற்கள் ஆத்தங்குடியில் செய்யப்பெற்றவை. ஆறு பாயாத, வானத்தையே நோக்கி வாழும் இந்நிலத்தில் இத்தகைய மாளிகைகள் எழுந்தது எவ்வாறு? இந்நாட்டு நகரத்தார் கடல் கடந்து சென்று ஈட்டிய பொருளே அவற்றை எழுப்பிற்று. இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளுக்கு அவர்கள் இளமையிலேயே சென்றனர்.

அவர்கள் எவ்வாறு சென்றனர் என்பதை இன்றைய மாணவர் அறிந்து கொள்வது நலம். ஏனெனில், அயல்நாட்டு வாய்ப்புகள் இன்றும் நம் இளைஞரை அழைக்கின்றன. அன்று அவ்வழைப்பு உறவினர் வாயிலாகவும் கடிதத்தின் வாயிலாகவும் வந்தது. இன்று கைபேசியின் வாயிலாக வருகிறது. அழைப்பு வரும் வழி மாறியதே அன்றி, அழைக்கப்படுபவன் செய்ய வேண்டிய ஆராய்ச்சி மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நகரத்தார் சிறுவன் ஒருவன் திண்ணைப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் கற்பான். முழு எண்களோடு கால், அரை, மாகாணி, முந்திரி முதலிய கீழ்வாய் இலக்கங்களையும் மனப்பாடமாகச் சொல்வான். பின்னர் ஒரு கடையில் 'பெட்டியடிப் பையன்' என்னும் பெயருடன் அமர்வான். பணப்பெட்டியின் அருகில் இருந்து ஏவிய பணிகளைச் செய்வதும், பெரியவர்கள் வணிகம் பேசுவதைக் கேட்பதும் அவன் வேலை. நாளடைவில் குறிப்பேட்டில் அன்றாட வரவு செலவை எழுதவும், பேரேட்டில் அவற்றைப் பெயர்வாரியாகப் பதியவும், ஐந்தொகை எடுத்துக் கணக்கு நேராகிறதா எனப் பார்க்கவும் பழகுவான். அதன்பின் 'அடுத்தாள்' ஆவான். பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின்னரே ஒரு கடையைத் தனியே நடத்தும் மேலாள் என்னும் பொறுப்பு அவனைத் தேடி வரும்.

கப்பல் ஏறுவதற்கு முன் அவனுக்குச் சம்பளச் சீட்டு ஒன்று எழுதப்பெறும். எந்த ஊர்க் கடை, யாருடைய கடை, எத்துணைக் காலம், எவ்வளவு சம்பளம் என்பன அதில் தெளிவாக இருக்கும். பெரும்பாலும் மூன்றாண்டுகள் ஒரு கணக்காகக் கொள்ளப்பெற்றன. இரங்கூனுக்கோ பினாங்குக்கோ செல்லும் இளைஞன், தான் எங்கே செல்கிறோம், யாரிடம் செல்கிறோம், எதற்காகச் செல்கிறோம் என்னும் மூன்றையும் அறிந்தே வீட்டுப் படி இறங்கினான்.

அக்காலத்து வணிகத்தில் குறையே இல்லை என்று யான் கூறவில்லை. 1930 களில் நெல்லின் விலை வீழ்ந்தபோது, பர்மிய உழவர் பலர் கடனுக்காகத் தம் நிலங்களை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார் கைக்கு வந்தது. அதனால் விளைந்த மனக்கசப்பையும், பின்னர் 1942 இல் போரினால் நேர்ந்த இழப்பையும் வரலாறு மறைக்கவில்லை. ஈண்டு நாம் கொள்ளத்தக்கது அவர்தம் பயிற்சி முறை ஒன்றே. எழுத்தில் இல்லாததை நம்பாமையும், கணக்கைச் சரிபார்த்த பின்னரே உறங்கச் செல்லும் வழக்கமும் அப்பயிற்சியின் இரு கண்கள்.

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். ஐரோப்பாவில் ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர், உலகளாவிய வலை என்னும் அமைப்பினை 1989 இல் திட்டமிட்டார். 1993 இல் அவ்வாய்வுக்கூடம் அதனை விலையின்றி உலகுக்கு வழங்கிற்று. அதன் பயனாக, நாச்சியாபுரத்துத் திண்ணையில் அமர்ந்துள்ள மாணவி ஒருத்தி, ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடத்திட்டத்தையும் சேர்க்கை விதிகளையும் நொடிப்பொழுதில் காண இயலும். அவள் பாட்டனார் ஒரு கடிதத்திற்குக் கப்பல் வரும் நாளை எண்ணிக் காத்திருந்தார். இதனை யாம் சிறு மாற்றமாகக் கருதவில்லை. இம்மாற்றத்தை இகழ்பவர் காலத்தின் போக்கை அறியாதவர்.

ஆயினும், செய்தி கிடைப்பது வேறு, அறிவு கிடைப்பது வேறு. இதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் ஒரு மாலைப்பொழுதில் என் இல்லத்திற்கு வந்தான். பொறியியலில் பட்டயம் பெற்று வேலை தேடிக் கொண்டிருந்தவன்.

"ஐயா, எனக்கு அயல்நாட்டில் வேலை கிடைத்துவிட்டது. தங்களிடம் சொல்லிக்கொண்டு போக வந்தேன்" என்றான்.

மகிழ்ச்சியோடு விவரம் கேட்டேன். கைபேசியில் வந்திருந்த செய்தியைக் காட்டினான். தாய்லாந்து நாட்டில் கணினியில் விவரம் பதியும் வேலை, மாதச் சம்பளம் இலட்ச ரூபாய், தேர்வு இல்லை, மூன்று நாள்களுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அவன் தாயார் அடகு வைப்பதற்காகத் தம் வளையல்களைக் கழற்றி வைத்திருந்தார்.

"தம்பி, வேலை தருபவர் யார்? எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"அது தெரியாது ஐயா. முகவரின் தொலைபேசி எண் இருக்கிறது."

"ஒப்பந்தம் எழுதித் தந்தார்களா?"

"அங்குப் போய்ச் சேர்ந்தபின் தருவார்களாம்."

"எந்த விசாவில் போகிறாய்?"

"முதலில் சுற்றுலா விசா. பிறகு மாற்றித் தருவார்களாம்."

எனக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது. ஆனால், சம்பளச் சீட்டு எழுதாமல் கப்பல் ஏறாத ஊரில் பிறந்தவன் ஆதலின் இவ்வினாக்கள் எனக்கு இயல்பாகவே தோன்றின. "இத்தனை பெரிய கருவியைக் கையில் வைத்திருக்கிறாய். அதைக் கொண்டே இவர் யார் என்று தேடிப் பார்க்கலாமே" என்றேன். அவன் அங்கேயே அமர்ந்து தேடினான். அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர், 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி நடுவணரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு பெற்றோர் பட்டியல் 'இ-மைக்ரேட்' என்னும் அரசின் வலைத்தளத்தில் உள்ளது. அப்பட்டியலில் அந்த முகவரின் பெயரும் இல்லை; நிறுவனத்தின் பெயரும் இல்லை. கால் மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிட்டது. வளையல்கள் தாயாரின் கைக்கே திரும்பின.

அவன் தப்பினான். எல்லாரும் தப்பவில்லை. 2022 ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற இந்திய இளைஞர் பலர், எல்லை கடத்தப்பெற்று, மியான்மர் நாட்டின் மியாவாடிப் பகுதியில் அடைத்து வைக்கப்பெற்றனர். பிறரை இணைய வழியாக ஏமாற்றிப் பணம் பறிக்கும் தொழிலைச் செய்யுமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் தமிழ் இளைஞர் 13 பேர் மீட்கப்பெற்றுச் சென்னை வந்து சேர்ந்தனர். அதன் பின்னும் அக்கொடுமை ஓயவில்லை. 2025 மார்ச்சு 10, 11 ஆகிய இரு நாள்களில் இந்தியர் 549 பேர் விமானப்படை வானூர்திகளில் தாயகம் அழைத்து வரப்பெற்றனர்.

மாணவர்களே! மியான்மர் என்பது வேறு எந்நாடும் அன்று. நம் முன்னோர் சென்ற பர்மாவே அது. கணக்குப் பயிற்சியும் சம்பளச் சீட்டும் கொண்டு சென்றவர் தேக்கு மரம் கொணர்ந்த நாட்டிற்கு, கைபேசிச் செய்தி ஒன்றை மட்டும் நம்பிச் சென்றவர் சிறைப்பட்டனர். அவ்வாறு சென்றவர்களைப் பேதையர் என்று இகழ்தல் தகாது. கணினி அறிந்த இளைஞரையே அவ்வஞ்சகர் குறிவைத்துத் தேடினர். வீட்டு வறுமையும் வேலையின்மையும் ஒருவனைத் துரத்தும்போது ஆராயும் பொறுமை குன்றிவிடுகிறது. ஆதலினாலேயே அப்பொறுமையைப் பள்ளிப் பருவத்திலேயே பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும் என்கிறோம்.

கைபேசியை விரைவாக இயக்கத் தெரிந்தவரெல்லாம் அதனைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஆகார். செல்வமும் கல்வியும் மிக்க ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக் கொள்வோம். அங்கும் 2023 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 16 முதல் 74 வயது வரையுள்ள மக்களில் நூற்றுக்கு 56 பேரே அடிப்படை எண்ணிமத் திறன் பெற்றிருந்தனர். 2030 க்குள் அதனை 80 ஆக உயர்த்த அவ்வொன்றியம் முயல்கிறது. அத்திறன் யாது என்பதை 2013 இல் அவர்கள் ஐந்தாக வகுத்துரைத்தனர். செய்தியைத் தேடி மதிப்பிடுதல், பிறரோடு தொடர்பு கொண்டு கூடிப் பணியாற்றுதல், புதியன படைத்தல், தம்மையும் தம் விவரங்களையும் காத்தல், இடர்ப்பாடு நேரும்போது தீர்வு காணல் என்பன அவ்வைந்து. தேடி மதிப்பிடுதல் அவற்றுள் முதலாவதாக நிற்பது கருதத்தக்கது. நம் இளைஞரில் பலர் தேடுதலோடு நின்றுவிடுகின்றனர்; மதிப்பிடுதலை மறந்துவிடுகின்றனர்.

மதிப்பிடும் முறை நமக்குப் புதியதும் அன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கையில் கிடைத்த ஓர் ஏட்டுச் சுவடியைப் பார்த்து அவர் அச்சிட்டுவிடவில்லை. பல இடங்களிலிருந்தும் சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்து, பொருளோடு பொருந்துவது எது எனத் தெளிந்த பின்னரே பதிப்பித்தார். சுவடிகளோடு பழகியவர்க்கு ஓர் உண்மை தெரியும். ஓர் ஏட்டை எழுதியவர் செய்த பிழையை, அதனைப் பார்த்து எழுதிய பத்துப் பேரும் செய்திருப்பர். பத்து ஏடுகளில் ஒரே பாடம் இருப்பதனாலேயே அது மெய்ப்பாடம் ஆகிவிடாது. பத்தும் ஒரே ஏட்டிலிருந்து பிறந்தவையா, தனித்தனி வழி வந்தவையா என்று பார்த்தல் வேண்டும்.

இம்முறையை இணையச் செய்திக்கும் பொருத்திப் பார்மின். ஒரு செய்தியை நண்பர் பத்துப் பேர் அனுப்பினார்கள் என்றால், பத்துச் சான்றுகள் கிடைத்துவிட்டன என்று எண்ணுகிறோம். உண்மையில் அவை ஓர் ஏட்டின் பத்துப் படிகளே. அனுப்பிய நண்பர் நல்லவர் என்பதால் அனுப்பிய செய்தி மெய்யாகிவிடாது. அவரும் பிறர் அனுப்பியதை அனுப்பியவரே. இக்காலத்தில் ஒருவர் குரலையும் முகத்தையும் போலியாகச் செய்து காட்டவும் கணினியால் இயலும். ஆதலின், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கூட வேறு வழி வந்த ஏடு ஒன்றோடு ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.

வேலை பற்றிய செய்தி வரும்போது மாணவர் நான்கு வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் வேண்டும். முதலாவது, இதனைச் சொல்பவர் யார் என்பது. பெயரும் முகவரியும் அரசின் பதிவேட்டில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். இரண்டாவது, எழுத்தில் இருப்பது யாது என்பது. வேலை, இடம், காலம், சம்பளம் ஆகிய நான்கும் இல்லாத தாள் ஒப்பந்தம் ஆகாது. சுற்றுலா விசாவில் வேலைக்கு வரச்சொல்பவர் சொல் எவ்வாற்றானும் ஏற்கத்தக்கதன்று. மூன்றாவது, பணம் எப்பக்கத்திலிருந்து எப்பக்கம் செல்கிறது என்பது. பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என அரசு வரையறுத்துள்ளது. அதற்குமேல் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். நான்காவது, ஏன் இத்துணை விரைவு என்பது. நாளைக்குள் முடிவு சொல் என்பவர் நாம் ஆராய்ந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறார். திருவள்ளுவர் தெரிந்து தெளிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அவ்வதிகாரம் அரசர்க்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடலாகாது.

அன்று வந்த மாணவன், வளையல்களைத் திருப்பித் தந்துவிட்டு மறுநாளும் வந்தான். அவன் முகம் வாடியிருந்தது. "அப்படியானால் அயல்நாடு என்பது என் போன்றவர்க்கு இல்லையா ஐயா?" என்று கேட்டான். அவ்வினா என் உள்ளத்தைத் தொட்டது. ஒரு பொய்யைக் காட்டிக் கொடுப்பது எளிது. ஓர் இளைஞனுக்கு உண்மையான வழியைக் காட்டுவதே கடமை. அவன் வினாவிற்கு விடை இல்லாமற் போகவில்லை.

ஐரோப்பாவில் முதியோர் தொகை பெருகி, உழைக்கும் வயதினர் தொகை குறைந்து வருகிறது. அதனால் செவிலியர், கணினி வல்லுநர், தொழில்நுட்பம் கற்றோர் ஆகியோரை அந்நாடுகள் நாடுகின்றன. 2024 அக்டோபரில் ஜெர்மனி, திறன் பெற்ற இந்தியர்க்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000 இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு ஜூன் முதல், வேலை தேடி வருவோர்க்கு 'வாய்ப்பு அட்டை' ஒன்றையும் அந்நாடு வழங்கி வருகிறது. ஈராண்டுக்குக் குறையாத தொழிற்பயிற்சியோ பட்டமோ பெற்றிருத்தல், ஜெர்மன் மொழியிலோ ஆங்கிலத்திலோ வரையறுத்த அளவு தேர்ச்சி, அங்குத் தங்குவதற்குரிய பொருள் முதலியன அதற்கு வேண்டும். முதுகலை பயில விரும்புவோர்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 'எராஸ்மஸ் முண்டஸ்' உதவித்தொகை உண்டு; இந்திய மாணவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம்; முகவர் எவரும் வேண்டா. இவற்றின் விதிகள் அந்நாடுகளின் அரசுத் தளங்களிலேயே எழுதப்பட்டுள்ளன. விதிகள் காலந்தோறும் மாறுவன. ஆதலின் யான் எழுதியதையும் அவ்வாறே நம்பிவிடாமல், மூல ஏட்டைப் பார்த்துத் தெளிந்து கொள்வீராக.

நம் நாட்டிலும் துணை இல்லாமல் இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. 2022 இல் தொடங்கப்பெற்ற 'நான் முதல்வன்' திட்டம், மாணவர்க்கு மேற்படிப்பையும் திறன் பயிற்சியையும் பற்றி வழிகாட்டுகிறது. மேலே கூறியவற்றை நோக்கினால் ஒன்று புலப்படும். மெய்யான வாய்ப்பு எதுவும் நம்மிடம் முதலில் பணம் கேட்பதில்லை; படிப்பையும் பயிற்சியையும் மொழியறிவையும் கேட்கிறது. பொய்யான வாய்ப்போ எத்தகுதியும் கேட்பதில்லை. பெட்டியடிப் பையனாக அமராமல் மேலாள் ஆனவர் அன்றும் இல்லை.

இணையத்தில் பெறுவதோடு நில்லாமல், கொடுக்கவும் கற்றல் வேண்டும். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் என்னும் தமிழர், 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' என்னும் பணியைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் உதவ, தமிழ் நூல்கள் பல இணையத்தில் விலையின்றி எல்லார்க்கும் கிடைக்கின்றன. ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது அதன் முறை. அயல்நாட்டில் வாழ்பவர் தாய்மொழிக்கு ஆற்றிய இத்தொண்டில், பழைய ஏட்டின் ஒழுங்கும் புதிய கருவியின் விரைவும் ஒருங்கே அமைந்துள்ளன. மாணவர் பயிலத்தக்க திறன் இதுவே.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். இளைஞர் கெடுவர் என்று அஞ்சிக் கைபேசியைப் பிடுங்கி வைப்போர் உளர். அது தீர்வாகாது. பிடுங்கி வைத்த கருவியை மறைவில் பயன்படுத்துவர். மறைவில் வரும் செய்தியைப் பற்றி எவரிடமும் கேளார். ஏமாற்றத்திற்கு ஆளான பின்னும் வசைக்கு அஞ்சி வாய் திறவார். அன்று அம்மாணவன் என்னிடம் வந்தான் என்பதே அவனைக் காத்தது. வந்து கேட்கலாம் என்னும் துணிவைப் பிள்ளைகளுக்குத் தருவது நம் கடமை. பணம் இழந்தவர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம் என்பதையும் ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் வேண்டும்.

அம்மாணவன் இப்பொழுது மாலை வேளைகளில் ஜெர்மன் மொழி பயில்கிறான். அதற்கான பாடங்களை அதே கைபேசியில்தான் கேட்கிறான். அவன் என்று செல்வானோ அறியேன். செல்லும் நாளில், எங்கே, யாரிடம், எதற்காகச் செல்கிறோம் என்பதை அறிந்தே செல்வான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மாணவர்களே, நீவிரும் உலகெங்கும் செல்வீராக, செல்லுமுன் ஆராய்வீராக.